பையன் கேட்ட ராக்கெட் மோட்டார்

பாறசாலையில் குடியிருக்கும் என் தமக்கையின் மகன் பத்தாம் வகுப்பு மாணவன். சென்ற கோடை விடுமுறையில் அவன் அமெரிக்காவிலிருக்கும் தன் பெரியப்பாவுக்கு ஒரு செய்தி அனுப்பியிருந்தான். ஊருக்கு வரும்பொழுது சாக்லெட்டும் சட்டையும் வேண்டாம், ராக்கெட் விடுவதற்குரிய ‘கம்பாசிட் மோட்டார்’ இரண்டைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தால் போதும் என்பது அதன் சாரம். பெரியப்பாவுக்கு விஷயம் விளங்கவில்லை. அவர் தமக்கையைக் கேட்டார். தமக்கை என்னைக் கேட்டாள். நானோ நெய்யாற்றின்கரையில் குடியிருந்துகொண்டு ரயில்வே பார்சல் ஆபீஸில் ரசீது எழுதுகிறவன். மோட்டார் என்றவுடன் எனக்குக் கிணற்றில் தண்ணீர் இறைக்கும் மோட்டார்தான் நினைவுக்கு வந்தது.

விசாரித்து வரலாமென்று ஒரு ஞாயிற்றுக்கிழமை பாறசாலைக்குச் சென்றேன். பையன் குளிக்கப் போயிருந்தான். அவன் மேசைக்கடியில் ஓரடி நீளமுள்ள இரும்புக் குழாய்த் துண்டு ஒன்று கிடந்தது. அதன் ஒரு முனை இறுக அடைக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் தீபாவளிக்கு வாங்கி மிஞ்சிய வாணங்களையும் பட்டாசுகளையும் பிரித்து உதிர்த்த மருந்து, ஒரு காகிதப் பொட்டலத்தில் இருந்தது. எனக்கு உள்ளங்கை வியர்த்துவிட்டது. பொட்டலத்தை ஒரு வாளித் தண்ணீரில் கரைத்துவிட்டு, குழாயை என் பையில் போட்டுக்கொண்டேன். தமக்கையிடம் அன்று ஒன்றும் சொல்லவில்லை.

பையன் அழவில்லை, வாதாடினான். “மாமா, திப்பு சுல்தானுடைய ராக்கெட்டுக்கு இரும்புக் குழாய்தானே? அமெரிக்காவில் பயிற்சிக்குப் போன இடத்தில் அந்தப் படம் மாட்டியிருந்ததை அப்துல் கலாம் எழுதியிருக்கிறாரே?” என்றான். அவன் சொன்னது உண்மையே. மைசூர்ப் படையின் ராக்கெட்டுகள் வெகுதூரம் சென்றதற்கு இரும்புக் கூடு முக்கியமான காரணம். காகிதக் கூட்டைவிட இரும்புக் கூடு அதிக அழுத்தத்தைத் தாங்கும். அழுத்தம் மிகுந்தால் உந்தும் விசையும் மிகும். ஆனால் தாங்கமுடியாமற் போகும்பொழுது காகிதம் கிழியும். இரும்பு துண்டுகளாகச் சிதறிப் பாயும். திப்புவின் ராக்கெட் எதிரியின்மீது விழுவதற்காகச் செய்யப்பட்டது. பையனுடையது எங்கள் வீட்டு முற்றத்தில் நிற்கப்போவது. இதைச் சொன்னபொழுது அவன் சிறிது நேரம் பேசாதிருந்தான். பிறகு, “அதனால்தான் மாமா கம்பாசிட் மோட்டார் கேட்டேன். அதை நாம் செய்ய வேண்டாம், வாங்கலாம்” என்றான். அவன் கேட்டது அறியாமையினால் அன்று என்பது அப்பொழுதுதான் எனக்குப் புலப்பட்டது. அடுத்த வாரம் அவனைத் தும்பைக்கு அழைத்துச் சென்றேன்.

திருவனந்தபுரத்துக்கு வடக்கே கடற்கரையிலுள்ள தும்பையில், பழைய மேரி மக்தலேன் மாதா கோயில் கட்டடம் இப்பொழுது விண்வெளிக் கண்காட்சி சாலையாக இருக்கிறது. 1963 நவம்பர் 21ஆம் தேதி நம் நாட்டு மண்ணிலிருந்து முதல் ஆய்வு ராக்கெட் ஏறியது அந்தக் கடற்கரையிலிருந்துதான். அது அமெரிக்காவில் செய்த நைக்கி-அப்பாச்சி. நாமே செய்த ரோகிணி-75 ராக்கெட் 1967 நவம்பர் 20ஆம் தேதி ஏறியது. அதன் குறுக்களவு 75 மில்லிமீட்டர். ஒரு மூங்கிற் குழாயின் பருமன் என்று சொல்லலாம். நமது ராக்கெட்டுகளின் குலமுதல்வன் இவ்வளவு சிறியதா என்று பையன் வியந்தான். எனக்கும் வியப்புத்தான்.

நிற்க, கம்பாசிட் மோட்டார் என்பது யாது? ராக்கெட்டில் எரிபொருள் அடைத்த கூட்டையும் அதன் வாய்க்குழலையும் சேர்த்தே மோட்டார் என்கிறார்கள். சிவகாசி வாணத்தில் இருப்பது வெடியுப்பு, கரி, கந்தகம் ஆகிய மூன்றும் சேர்ந்த கரிமருந்து. கூட்டு மோட்டாரில் இருப்பது வேறு. அம்மோனியம் பெர்குளோரேட் என்னும் உப்பு எரிவதற்கு வேண்டிய பிராணவாயுவைத் தருகிறது, பெரும்பங்கு அதுவே. அலுமினியத் தூளும் அதனுடன் சேர்வதுண்டு. இவற்றையெல்லாம் ஒருவகை ரப்பர் கட்டிப் பிடித்து நிறுத்துகிறது. அந்த ரப்பரும் எரிபொருளே. முடிவில் கிடைப்பது பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் அழிப்பான் ரப்பரைப் போன்ற ஓர் உருளை. எடைக்கு எடை பார்த்தால் கரிமருந்தைவிட ஏறக்குறைய இரண்டரை மடங்கு பயன் தருவது இது. நமது பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் முதற்கட்டத்தில் இவ்வகைப் பொருள் 139 டன் இருக்கிறது.

எந்த ரப்பரைத் தேர்ந்தெடுப்பது என்பதிலேயே பெரிய ஆராய்ச்சி உண்டு. தும்பையிலிருந்து காற்றின் நிலையை அறிவதற்காக விடப்படும் ரோகிணி-200 ராக்கெட்டில் நெடுங்காலம் பி.வி.சி. என்னும் பிளாஸ்டிக்கே இந்தக் கட்டுப்பொருளாக இருந்தது. எச்.டி.பி.பி. என்னும் ரப்பருக்கு மாற்றி அவ்வகையில் முதல் ராக்கெட்டை விட்டது 2020 செப்டம்பரில்தான். நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒன்றை மாற்றுவதற்கு அவர்கள் அத்தனை நிதானம் காட்டினார்கள். 2022 நவம்பர் 23ஆம் தேதி அந்த ராக்கெட் தொடர்ச்சியாக இருநூறாவது முறை தவறின்றி ஏறியது. பதினைந்து வயதுப் பையனுக்கு நான் சுட்டிக்காட்டியது அந்த இருநூறு என்னும் எண்ணைத்தான்.

பொழுதுபோக்காக ராக்கெட் விடும் வழக்கம் அமெரிக்காவில் 1957ஆம் ஆண்டையொட்டி வேரூன்றியது. ருஷ்யாவின் ஸ்புட்னிக் ஏறிய காலம் அது. பிள்ளைகள் வீட்டுக்கொட்டகையில் மருந்து இடித்துக் காயம்பட்டதைக் கண்டே, ஆலையில் செய்த மோட்டாரை மட்டும் பயன்படுத்தவேண்டும் என்னும் விதி அங்கே பிறந்தது. ஆகவே அங்குள்ள பையன் மோட்டாரைச் செய்வதில்லை, தேர்ந்தெடுக்கிறான். அந்தத் தேர்வே இக்கலையின் பாதி.

மோட்டாரின் மேல் ‘ஜி 60-7’ என்று எழுதியிருப்பதாக வைத்துக்கொள்வோம். எழுத்து, மொத்த உந்தத்தின் வகுப்பைக் காட்டுவது. ஏ வகுப்பின் மேலெல்லை 2.5 நியூட்டன்-வினாடி, பி 5, சி 10. ஓரெழுத்து ஏறினால் எல்லை இரட்டிக்கும். இப்படியே ஏறி ஜி வகுப்பு 80க்கு மேல் 160 வரை செல்கிறது. அடுத்துள்ள 60 என்பது சராசரி உந்துவிசை, நியூட்டன் கணக்கில். மொத்த உந்தம் 120 என்றால் மோட்டார் இரண்டு வினாடி எரியும். கடைசியிலுள்ள 7, எரிந்து முடிந்தபின் எத்தனை வினாடி கழித்துப் பாராசூட்டை வெளியே தள்ளும் மருந்து பற்றும் என்பதைக் குறிக்கும்.

பிள்ளைகள் எழுத்தைப் பார்த்தே மயங்குகிறார்கள். பெரிய எழுத்தானால் பெரிய ராக்கெட் என்பது அவர்கள் எண்ணம். முதலிற் பார்க்கவேண்டியது நடுவிலுள்ள எண். சராசரி விசை, மோட்டாரோடு சேர்ந்த ராக்கெட்டின் எடையைப்போல் ஐந்து மடங்காவது இருக்கவேண்டும். ஒரு கிலோ எடைக்குப் பூமி இழுக்கும் விசை சுமார் 10 நியூட்டன். எனவே ஒரு கிலோ ராக்கெட்டுக்கு 50 நியூட்டனுக்குக் குறைந்தது உதவாது, 60 போதும். பையன் அங்கேயே காகிதம் எடுத்துக் கணக்கிட்டான். ஆறடி வழிகாட்டிக் கம்பியின் முனையை விட்டு அந்த ராக்கெட் வினாடிக்கு 13 மீட்டர் வேகத்தில் கிளம்பும். அந்த வேகத்தில்தான் வால் இறக்கைகளுக்குக் காற்றில் பிடிப்பு உண்டாகும். விசை குறைந்த மோட்டாரைப் பூட்டினால், எழுத்து எவ்வளவு பெரியதாயினும் ராக்கெட் கம்பியை விட்டதும் தலைசாய்ந்து கூட்டத்தை நோக்கி வரும். இரண்டு வினாடி எரிந்து முடியும்பொழுது, காற்றின் தடையைக் கழிக்காமற் பார்த்தால், அதன் வேகம் மணிக்கு 360 கிலோமீட்டர். நம் நாட்டில் எந்த ரயிலும் அந்த வேகத்தில் ஓடுவதில்லை!

மூன்றாவது எண்ணையும் அலட்சியம் செய்யலாகாது. நேரம் குறைந்தால் பாராசூட் வேகத்தில் கிழிந்துபோகும். மிகுந்தால் ராக்கெட் தலைகீழாக வந்து தரையில் குத்தும்.

பற்றவைப்பதிலும் வேறுபாடு உண்டு. கரிமருந்து மோட்டார் வாய்ப்பக்கத்திலிருந்தே எரியும். திரி அங்கே தொட்டால் போதும். கூட்டு மோட்டாரின் உருளையில் நடுவே நீளத் துளை இருக்கும். மின்சாரத் திரியை அந்தத் துளையின் மேல் முனைவரை செலுத்தவேண்டும். அப்பொழுதுதான் சூடான வாயு துளை முழுவதும் பாய்ந்து உட்சுவரைச் சேர்ந்தாற்போல் பற்றவைக்கும். பாதியில் நின்றுவிட்டால் மோட்டார் இருமி இருமி அணையும். உருளையில் வெடிப்பு விழுந்திருந்தால் விளைவு இதற்கு நேர்மாறானது. வெடிப்பினுள்ளும் தீ புகுவதால் எரியும் பரப்புக் கூடும், அழுத்தம் ஏறும், கூடு பிளக்கும். கீழே விழுந்த மோட்டாரை அனுபவசாலிகள் தொடுவதில்லை. திரும்பத் திரும்ப மருந்து நிரப்பும் அலுமினியக் கூடுகளும் உண்டு. அவற்றில் ஒரு ரப்பர் வளையத்தை வைக்க மறந்தால் கூடே உருகிவிடும். பொத்தானை அழுத்தியும் பற்றாவிட்டால் இணைப்பைத் துண்டித்து, ஒரு நிமிடம் முழுதும் கழிந்தபின்பே அருகில் செல்லவேண்டும் என்பது அங்குள்ள சங்கத்தின் விதி. டி வகுப்புக்கு மேற்பட்டால் முப்பதடி தள்ளி நிற்கவேண்டும். எச் வகுப்பு முதல், பதினெட்டு வயது நிறைந்து தகுதிச் சோதனையில் தேறியவர்களுக்கே மோட்டார் விற்கிறார்கள்.

இவ்வளவும் கேட்டபின் பையன், “அப்படியானால் ஒரு ஜி மட்டும் வரட்டும் மாமா” என்றான். ஜி மோட்டாருக்கு ஆயிரம் அடிக்கு ஆயிரம் அடி திறந்தவெளி வேண்டும் என்று அவ்விதியே கூறுகிறது. பாறசாலை முதல் நெய்யாற்றின்கரை வரை தென்னை, ரப்பர், மரச்சீனி, வீடு என்று மாறி மாறி வரும் நம் பக்கத்தில் அப்படி ஓரிடத்தை நீயே காட்டு என்றேன். பள்ளிக்கூட மைதானம் என்றான். அதன் நீளத்தை அவனே அடியளந்து பார்த்துவிட்டு மறுநாள் தலையசைத்தான். தும்பைக்கு ஒரு பக்கம் கடல் இருப்பது சும்மா அன்று.

இனிச் சட்டம். இது என் தொழிலோடு ஒட்டியது. மோட்டார்களை விமானத்தில் கைப்பையிலும் கொண்டுவர முடியாது, பெட்டியிலும் முடியாது. நம் நாட்டில் வெடிபொருள்களைச் செய்வதும் வைத்திருப்பதும் 1884ஆம் ஆண்டுச் சட்டத்துக்கும் 2008ஆம் ஆண்டு விதிகளுக்கும் உட்பட்டவை. உரிமம் இல்லாமற் செய்வது குற்றம். தீபாவளிக்கு ஊருக்குப் போய்த் திரும்பும் நம் குடும்பங்களில் சிலர் பட்டாசுக் கட்டைத் துணிக்கடியில் மறைத்து வண்டியேறுவதை நான் கண்டிருக்கிறேன். 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 164ஆம் பிரிவின்படி அதற்கு மூன்றாண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. சிறையைவிட, மூடிய பெட்டியில் எழுபது பேர் இருப்பதை நினைத்துப் பார்த்தால் போதாதா? பெரியப்பாவுக்கு இவற்றையெல்லாம் விவரமாக எழுதினேன். அவரும் சம்மதித்து, மோட்டாருக்குப் பதிலாக ராக்கெட் நூலொன்று அனுப்பினார்.

பையனுக்கு வழி அடைபட்டுவிடவில்லை. இரண்டு லிட்டர் சோடாப் புட்டியில் மூன்றிலொரு பங்கு தண்ணீர் ஊற்றி, சைக்கிள் பம்பினால் காற்றேற்றி விடும் தண்ணீர் ராக்கெட்டுக்கு உரிமம் வேண்டாம். அதற்கும் எடைமையம் முன்னாலும் காற்றழுத்த மையம் பின்னாலும் இருக்கவேண்டும். அதற்கும் இறக்கை, பாராசூட், கணக்கு எல்லாம் உண்டு. கல்லூரிக்குச் சென்றபின் முறையான களங்களும் இருக்கின்றன. இன்-ஸ்பேஸ் அமைப்பின் ஆதரவில் 2025 அக்டோபரில் உத்தரப் பிரதேசத்துக் குஷிநகர் மாவட்டத்தில் மாணவர்களின் மாதிரி ராக்கெட் போட்டி நடந்தது.

சென்ற மாதம் பொழியூர்க் கடற்கரையில் அவனுடைய நான்காவது புட்டி ராக்கெட் ஏறியது. முதல் மூன்றும் சாய்ந்தவை. இந்த முறை மூக்கில் சிறிது களிமண் ஒட்டி எடையை முன்னுக்குத் தள்ளியிருந்தான். தென்னை உயரத்துக்கு மேல் நேராகச் சென்று, பழைய குடைத்துணிப் பாராசூட்டோடு அலையோரத்தில் இறங்கியது. தமக்கை கைதட்டினாள். இரும்புக் குழாயைப் பற்றி அவளிடம் அன்று மாலையில்தான் சொன்னேன்.