சாளரப்படி

சாளரப்படி என்பது ஒரு சாளரத்தின் நிலைச்சட்டத்துக்குக் கீழே, சுவரின் மேல் கிடையாக அமையும் கட்டடக் கூறு ஆகும். சாளரம் என்பது பேச்சு வழக்கில் சன்னல், யன்னல் எனவும் வழங்குவது போல, சாளரப்படியும் கட்டடத் தொழிலாளரிடையே "சில்" என்றே வழங்குகிறது. அது அமையும் உயரத்தைச் "சில் மட்டம்" என்பர். சாளரத்தின் உட்புறம் அமையும் பகுதி பெரும்பாலும் அழகுக்கும் பொருள்களை வைப்பதற்கும் பயன்படுகிறது. வெளிப்புறம் அமையும் பகுதியோ மழைநீரைச் சுவரிலிருந்து அப்பால் வெளியேற்றும் பணியைச் செய்கிறது. இக்கட்டுரை வெளிப்புறச் சாளரப்படியைப் பற்றியும், தமிழ்நாட்டில் புதிதாகக் கட்டப்படும் வீடுகளில் அதற்கான பொருளைத் தெரிவு செய்வது பற்றியும் விளக்குகிறது.

பணிகள்

சாளரத்தின் மீது விழும் மழைநீர் கண்ணாடியில் உறிஞ்சப்படுவதில்லை. அது முழுவதும் கீழே வழிந்து சாளரப்படியை அடைகிறது. எனவே சுவரின் பிற பகுதிகளைக் காட்டிலும் சாளரத்தின் அடிப்பகுதியில் அதிக நீர் சேர்கிறது. இந்த நீர் வெளியேற வழியில்லாவிடின், நிலைச்சட்டத்துக்கும் சுவருக்கும் இடையிலான இணைப்பின் வழியாக உட்புறம் கசியும். சாளரத்துக்குக் கீழே உட்சுவரில் வண்ணப்பூச்சு உப்பி உதிர்வதும், பூஞ்சணம் பிடிப்பதும், மரச்சட்டத்தின் கீழ்மூலைகள் உளுத்துப் போவதும் இக்கசிவின் அறிகுறிகள் ஆகும்.

சுவரின் மேல் நீட்டப்படும் சன்ஷேடு நேராக விழும் மழையைத் தடுக்கிறது. ஆனால் காற்றுடன் சாய்ந்து வரும் மழையை அது ஓரளவே தடுக்கும். எடுத்துக்காட்டாக, சாளரத்தின் தலைமட்டத்தில் 600 மில்லிமீட்டர் நீண்டிருக்கும் சன்ஷேடு, 45 பாகைச் சாய்வில் வரும் மழையிலிருந்து அதற்குக் கீழே 600 மில்லிமீட்டர் உயரத்தை மட்டுமே காக்கும். சாளரத்தின் உயரம் 1200 மில்லிமீட்டர் எனின், அதன் கீழ்ப்பாதியும் சாளரப்படியும் நனையும். சன்ஷேடு இல்லாத சமதள முகப்புடன் கட்டப்படும் வீடுகளில் முழுச் சுமையும் சாளரப்படியின் மீதே விழுகிறது.

வடிவமைப்பு

எப்பொருளால் செய்யப்பட்டாலும், பின்வரும் நான்கு கூறுகள் இல்லாத சாளரப்படி தன் பணியைச் செய்யாது.

* சரிவு: மேற்பரப்பு வெளிப்புறம் நோக்கிச் சரிந்திருக்க வேண்டும். 5 பாகைச் சரிவு என்பது ஏறத்தாழ 11-க்கு 1 என்ற அளவாகும். 150 மில்லிமீட்டர் அகலமுள்ள படியில் முன்விளிம்பு பின்விளிம்பை விட ஏறத்தாழ 13 மில்லிமீட்டர் தாழ்ந்திருக்கும்.
* வெளிநீட்டம்: முன்விளிம்பு, பூச்சு முடிந்த சுவரின் முகத்துக்கு வெளியே 30 முதல் 50 மில்லிமீட்டர் வரை நீண்டிருத்தல் நன்று. இந்த அளவைப் பூசாத செங்கற் சுவரிலிருந்து கணக்கிட்டால், பூச்சின் தடிப்பு அதில் பெரும் பகுதியை விழுங்கிவிடும்.
* நீர்வடி காடி: பரப்பு இழுவிசையின் காரணமாக நீர் விளிம்பிலிருந்து உடனே சொட்டாமல், படியின் அடிப்பக்கத்தில் ஒட்டியபடி சுவரை நோக்கி நகரும். அடிப்பக்கத்தில் முன்விளிம்புக்கு அருகே நீளவாக்கில் வெட்டப்படும் சிறு காடி இந்நகர்வைத் தடுத்து நீரைச் சொட்டச் செய்கிறது.
* முனைகள்: படியின் இரு முனைகளும் பக்கச் சுவருக்குள் சற்றே நுழைந்திருக்க வேண்டும் அல்லது மேல்நோக்கி மடிக்கப்பட்டிருக்க வேண்டும். இல்லாவிடின் நீர் முனைகளில் வழிந்து, சாளரத்தின் இருபுறமும் சுவரில் கறுப்புத் தாரைகளை உண்டாக்கும்.

பொருட்கள்

கிரானைட்: தமிழ்நாட்டு வீடுகளில் பரவலாகப் பயன்படும் பொருள் இதுவே. இதன் நீர் உறிஞ்சும் அளவு பொதுவாக எடையில் அரை விழுக்காட்டுக்கும் குறைவு. மழைநீரில் உள்ள சிறிதளவு அமிலமும், கடற்காற்றின் உப்பும் இதனை எளிதில் தாக்குவதில்லை. வணிகத்தில் "கறுப்பு கிரானைட்" எனப்படும் கற்கள் பலவும் புவியியலின்படி டோலரைட், கேப்ரோ போன்ற வேறு தீப்பாறைகளே ஆயினும் இப்பயன்பாட்டுக்கு அவையும் ஏற்றவை. சமையல் மேடைக்கு வாங்கிய பலகையில் எஞ்சும் துண்டுகளைக் கொண்டே சாளரப்படி அமைக்கும் வழக்கமும் உண்டு. துண்டுகளை இணைத்து இடும்போது ஒவ்வோர் இணைப்பும் ஒரு கசிவு வாயில் ஆகும் என்பதால், ஒரே துண்டாக இடுவதே சிறந்தது. நீர்வடி காடியைக் கல் அறுக்கும் பட்டறையிலேயே வெட்டிப் பெறுவது எளிது. பதித்த பின்னர் அதனை வெட்ட இயலாது. கல்லின் அடியில் சாந்து முழுமையாகப் பரவியிருக்க வேண்டும். வெற்றிடம் இருந்தால் அவ்விடத்தில் கல் விரிசல் காணும்.

கடப்பா கல்: ஆந்திரப் பிரதேசத்தின் கடப்பா பகுதியில் கிடைக்கும் கருஞ்சாம்பல் நிறச் சுண்ணக்கல் ஆகும். விலை குறைவு. அடுக்கடுக்கான அமைப்புடையதாதலால் விளிம்புகளில் செதில்களாகப் பெயரக்கூடும். வெயிலிலும் மழையிலும் இதன் கருமை மங்கிச் சாம்பல் நிறமாகும். தோற்றம் முதன்மையாக இல்லாத பின்புறச் சுவர்களுக்கு இது போதுமானது.

சலவைக்கல்: இதுவும் கடப்பா கல்லைப் போலவே முதன்மையாகக் கால்சியம் கார்பனேட்டால் ஆனது. அமிலம் கொண்ட துப்புரவுத் திரவங்கள் இரண்டையும் அரிக்கும். வெளிப்புறத்தில் சலவைக்கல் விரைவில் மெருகை இழப்பதுடன் கறையும் படியும். உட்புறப் படிக்கே இது பொருத்தம்.

சிமெண்ட் பூச்சு: செங்கற் சுவரின் மேல் சிமெண்ட் சாந்தைச் சரிவாகப் பூசி அமைப்பதே மிகக் குறைந்த செலவுள்ள முறை. உலரும்போது சாந்து சுருங்குவதால் நிலைச்சட்டத்தை ஒட்டி மயிரிழை விரிசல்கள் தோன்றும். நன்கு கலந்து, குறைந்தது ஏழு நாட்களாவது நீராற்றி, முன்விளிம்பில் காடியும் அமைத்தால் ஓரளவு நிலைக்கும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை விரிசல்களை அடைத்து வண்ணம் பூச வேண்டும்.

செங்கல்: பூசாத செங்கற் சுவருடைய வீடுகளில் செங்கற்களைக் குத்தாக அடுக்கிச் சரிவான படியாக அமைப்பதுண்டு. கேரளத்தில் லாரி பேக்கர் (1917–2007) பரப்பிய கட்டடப் பாணியைப் பின்பற்றும் வீடுகளில் இது இசைவான தோற்றம் தரும். ஆனால் சாதாரணச் செங்கல் தன் எடையில் 20 விழுக்காடு வரை நீரை உறிஞ்சுவதை இந்தியத் தரநிலை ஐஎஸ் 1077 ஏற்கிறது. எனவே நன்கு வெந்த கற்களைத் தேர்ந்தெடுப்பதும், அவற்றின் அடியில் நீர்த்தடுப்புப் படலம் இடுவதும் இன்றியமையாதவை.

காங்கிரீட்: முன்வார்ப்பு செய்த காங்கிரீட் படியில் சரிவையும் காடியையும் அச்சிலேயே அமைத்துவிடலாம் என்பது இதன் சிறப்பு. உள்ளே கம்பி இருப்பின், அதைச் சூழ்ந்த காங்கிரீட் மெல்லியதாக இருந்தால் கடற்கரைப் பகுதிகளில் கம்பி துருப்பிடித்துப் பருத்துக் காங்கிரீட்டை வெடிக்கச் செய்யும்.

தள ஓடு: விட்ரிஃபைடு ஓடுகள் நீரை மிகக் குறைவாகவே உறிஞ்சும். எனினும் மெல்லிய ஓட்டின் அடியில் காடி வெட்ட இடமில்லை. முன்விளிம்பில் இரு ஓடுகள் சந்திக்கும் இணைப்பும் காலப்போக்கில் திறந்துகொள்ளும்.

அலுமினியம்: ஐரோப்பிய நாடுகளில் வளைத்த அலுமினியத் தகட்டாலான படிகள் பெருவழக்காக உள்ளன. எடை குறைவு. முனை மடிப்பும் காடிக்கு ஈடான விளிம்பும் தகட்டிலேயே அமைந்திருக்கும். ஈரமான சிமெண்ட் சாந்தின் காரத்தன்மை அலுமினியத்தை அரிக்கும் என்பதால், இரண்டும் நேரடியாகத் தொடாதவாறு காப்புப் படலம் இட வேண்டும். மழைத்துளிகள் விழும் ஓசையைக் குறைக்க அடியில் ஒலியடக்கும் பட்டை ஒட்டப்படுகிறது.

மரம்: பழைய வீடுகளில் நிலைச்சட்டத்தின் கீழ்க்கட்டையே படியாகவும் இருந்தது. தேக்கில் இயற்கையாக உள்ள எண்ணெய்ப்பொருள் அதனை நெடுங்காலம் காக்கிறது. பிற மரங்களுக்குக் கறையானும் ஈரமும் பகை. புதிய வீட்டில் மரத்தை வெளிப்புறப் படியாகப் பயன்படுத்துவோர் தொடர்ந்து எண்ணெயோ வண்ணமோ பூசும் கடமையையும் ஏற்கின்றனர்.

யுபிவிசி: துருப்பிடிக்காது, கறையான் அரிக்காது. வெயிலைத் தாங்குவதற்காக இதில் டைட்டானியம் டை ஆக்சைடு சேர்க்கப்படுகிறது. அடர்நிற வகைகள் வெயிலில் மிகுதியாகச் சூடேறும்.

வெப்ப விரிவு

நீளமான படிகளில் வெப்ப விரிவைக் கருத வேண்டும். வெப்பநிலை 40 பாகை செல்சியசு உயரும்போது 2 மீட்டர் நீளமுள்ள கிரானைட் படி ஏறத்தாழ 0.6 மில்லிமீட்டரும், அலுமினியப் படி 1.8 மில்லிமீட்டரும், யுபிவிசி படி ஏறத்தாழ 5 மில்லிமீட்டரும் நீளும். எனவே பின்னிரு பொருட்களையும் சாந்தால் இறுகப் பிடிக்காமல், முனைகளில் இடைவெளி விட்டு நெகிழும் அடைப்புப் பொருளால் நிரப்புவர்.

இடத்துக்கேற்ற தெரிவு

குளிர் நாடுகளில் கல்லின் நுண்துளைகளில் புகுந்த நீர் உறையும்போது ஏறத்தாழ 9 விழுக்காடு பருத்துக் கல்லைப் பிளக்கும். அதனால் அங்கே உறைபனியைத் தாங்குதலே தெரிவின் முதல் அளவுகோல். தமிழ்நாட்டுச் சமவெளியில் இச்சிக்கல் இல்லை. இங்கே காற்றுடன் வரும் மழை, கடும் வெயில், கடற்கரையில் உப்பு ஆகிய மூன்றுமே கருதத்தக்கவை.

கடலோர மாவட்டங்களில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்றால் வடக்கு, கிழக்கு நோக்கிய சாளரங்கள் அதிகம் நனைகின்றன. 2016 டிசம்பர் 12 அன்று சென்னைக்கு அருகே கரையைக் கடந்த வர்தா போன்ற புயல்களின் போது மழை ஏறக்குறையக் கிடையாகவே வரும். நீலகிரியின் மேற்குச் சரிவுகளிலும் கன்னியாகுமரி மாவட்டத்திலும் தென்மேற்குப் பருவமழையும் கருதப்பட வேண்டும். செலவைக் குறைக்க விரும்புவோர், மழை தாக்கும் திசைகளில் ஒரே துண்டு கிரானைட்டையும், சன்ஷேடின் காப்புள்ள பிற திசைகளில் கடப்பா கல் அல்லது பூச்சையும் பயன்படுத்தலாம். கடலுக்கு அண்மையில் கம்பியிட்ட மெல்லிய காங்கிரீட்டையும், துத்தநாகம் பூசிய எஃகுத் தகட்டையும் தவிர்ப்பது நன்று.

கட்டும்போது நேரும் பிழைகள்

மேற்கூறிய பொருட்களில் சிறந்ததைத் தெரிவு செய்தும் கசியும் வீடுகள் உண்டு. அவற்றில் பெரும்பாலும் மூன்று பிழைகள் காணப்படுகின்றன.

முதலாவது, உள்ளும் புறமும் ஒரே கிரானைட் பலகையை மட்டமாக இட்டு, அதன் நடுவில் சாளரத்தைப் பொருத்துவது. கல்லில் தேங்கும் நீரை, சட்டத்தின் அடியிலுள்ள சிலிக்கோன் அடைப்பு மட்டுமே தடுத்து நிற்கும். அது வெயிலில் பிரிந்த நாளில் நீர் அறைக்குள் வந்துவிடும். உட்படியைச் சற்று உயர்த்தி, வெளிப்படியைத் தனித்துண்டாகச் சரிவுடன் இடுவதே முறை.

இரண்டாவது, நகரும் கதவுகளையுடைய சாளரங்களின் கீழ்ச்சட்டத்தில் உள்ள நீர் வெளியேறும் துளைகளைப் பூச்சு வேலையின்போது மூடிவிடுவது. அப்போது தண்டவாளத்தில் நிரம்பும் நீர் உட்புறமாக வழியும்.

மூன்றாவது, படிக்கான முடிவைப் பூச்சு வேலை வரை ஒத்திப்போடுவது. படியின் தடிப்பும் சரிவும் சாளரத்தின் உயர அளவையே மாற்றுவன. ஆகவே சுவர் சில் மட்டத்தை எட்டும்போதே பொருளை முடிவு செய்து, நீர்த்தடுப்புப் பூச்சு இட்டு, படியைப் பதித்த பின்னரே சாளரத்துக்கு அளவெடுக்க வேண்டும்.

சாளரம் பொருத்துவதற்கு முன் படியின் பின்விளிம்பில் ஒரு குவளை நீரை ஊற்றிப் பார்ப்பது எளிய சோதனை ஆகும். நீர் தேங்காமல் முன்னோக்கி ஓடி, சுவரைத் தொடாமல் சொட்டினால் படி சரியாக அமைந்துள்ளது எனக் கொள்ளலாம். அந்நிலையில் குறை தென்பட்டால் கல்லைப் பெயர்த்து மீண்டும் பதிப்பது ஒரு சில மணி நேர வேலையே. சாளரம் பொருத்தி வண்ணம் பூசிய பிறகு அதே குறையைத் திருத்தச் சாளரத்தையே கழற்ற வேண்டிவரும்.

பராமரிப்பு

மழைக்காலம் தொடங்கும் முன் ஆண்டுக்கு ஒருமுறை படியின் மேல் சேர்ந்த தூசியையும், நீர்வடி காடியில் உள்ள குளவிக் கூடுகளையும் அகற்ற வேண்டும். வண்ணப்பூச்சின்போது காடி அடைபடாதவாறு பார்த்துக்கொள்வதும், சட்டத்தை ஒட்டிய அடைப்புப் பொருள் பிரிந்திருப்பின் பழையதை முழுவதும் நீக்கிப் புதிதாக இடுவதும் தேவையானவை.