சிறை மீண்டோர் துணையாதல்

மணிமேகலைக் காப்பியத்தில் ஒரு செய்தி உண்டு. பசித்தோர்க்கு உணவூட்டிய மணிமேகலை, சோழ மன்னனிடம் தனக்கென ஏதும் வேண்டாது, சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்குமாறு கேட்டாள், மன்னனும் இசைந்தான். பின்னொருகால் அவளே சிறைப்பட்டாள். சிறை மீண்டபின், தன்னைத் துன்புறுத்திய அரசியின் புத்திரசோகத்தை அவளே தேற்றினாள். சிறைத்துன்பம் அறிந்தவர் பிறர் துன்பத்தை ஆற்றவல்லர் என்னுங் கருத்துத் தமிழுக்குப் புதியதன்று. ஆயினும், கோட்டத்தின் கதவு திறந்தபோது வெளியேறிய கைதிகளை எவர் ஏற்றனர், அவர்கள் எவ்வாறு வாழ்ந்தனர் என்பதைக் காப்பியம் விரித்துரைக்கவில்லை. இக்காலத்தார் ஆராயப் புகுந்தது அவ்விடத்தையே.

விடுதலை நாள் மகிழ்ச்சி நாள் என்றே பலரும் எண்ணுவர். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலச் சிறைகளிலிருந்து விடுதலையான முப்பதினாயிரத்துக்கு மேற்பட்டோரைப் பற்றி 2007ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு வேறொன்றைக் காட்டிற்று. விடுதலையின் முதலிரு வாரங்களில் அவர்கள் இறக்கும் ஆபத்து, அம்மாநிலத்தின் ஏனையோருக்குள்ளதைவிட 12.7 மடங்காயிருந்தது. போதைப்பொருளை அளவுமீறி உட்கொள்ளுதலே அம்மரணங்களுக்குத் தலையாய காரணம். வாயிலைக் கடந்தவனுக்கு உடனே வேண்டுவது, அவ்வாயிலைத் தனக்கு முன்னர்க் கடந்த ஒருவனின் கை என்பது இதனாற் புலனாகும்.

இம்முறையின் வேர் பழையது. பாரிஸ் நகரத்துப் பிசேத்திர் மருத்துவமனையில் நோயாளியாயிருந்து, பின் அங்கேயே மனநோயாளர் பகுதிக்கு மேற்பார்வையாளரான புசேன் என்பவர், குணமடைந்தோரையே பணியாளராகத் தெரிந்தெடுத்தார். 1793இல் அங்கு வந்த பினெல் என்னும் மருத்துவர், அத்தகையோர் மென்மையும் நேர்மையும் உடையர், கொடுமைக்கு உடன்படார் எனக் கண்டு அவ்வழக்கத்தைப் பாராட்டினார். 1999இல் அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலம், உளநோயிலிருந்து மீண்டு பயிற்சி பெற்ற துணையாளரின் சேவைக்கு அரசாங்க மருத்துவ நிதியிலிருந்து ஊதியம் வழங்கத் தொடங்கியது. பிரித்தானியாவின் சுவான்சி சிறையிலோ தூண்டுகோல் ஒரு துயரம். 1990இல் பதினைந்து வயதுச் சிறுவனொருவன் அங்கே தன்னுயிரை மாய்த்துக்கொண்டான். மறு ஆண்டு, சமாரித்தன்ஸ் அமைப்பினர் கைதிகளுக்கே செவிமடுக்கும் பயிற்சியளித்து, இரவுபகலாகச் சக கைதிகளின் துயர் கேட்க வைத்தனர். கொழும்பில் 1974இல் தோன்றிய சுமித்திரயோவும் இவ்வழியில் வந்ததே. ஆனால் அதன் தொண்டர் சிறை மீண்டோராயிருத்தல் வேண்டுமென்பதில்லை.

பயிற்சியில் யாது கற்பிக்கப்படுகின்றது? பென்சில்வேனியாச் சிறைகளிற் கைதிகளுக்கு அளிக்கப்படுவது 75 மணிநேரப் பாடத்திட்டம். அதன் கடினமான பகுதி பேசுதல் அன்று; பேசாதிருத்தல். புத்திமதி கூறும் ஆவல் எம்மவரிடத்தும் மிகுதி. ஆசிரியத் தொழிலார்க்கு அது இன்னும் மிகுதி என்க. துணையாளரோ கேட்டுப் பழகுதல் வேண்டும். தம் கதையைச் சொல்லலாம். கேட்போனுக்கு அது பயன்படும் அளவே சொல்லவேண்டும். தம் ஆறாத புண்ணைத் திறந்து காட்டி மற்றவனைத் தமக்கு ஆறுதல் கூறவைத்தல் தவறு. கேட்டதை மறைத்து வைத்தல் கடமை. எனினும் உயிருக்கு ஆபத்து எனின் மருத்துவரை அழைத்தல் அதனினும் பெரிய கடமை. தாம் மருத்துவரல்லர், காவலருமல்லர் என்னும் எல்லையை அவர் ஒருபோதும் மறத்தலாகாது. அவரையும் ஒருவர் மேற்பார்வை செய்து தாங்குதல் இன்றியமையாதது; இன்றேல் பிறர் துயர் அவரைப் பழைய இருளுக்கே இழுத்துச் செல்லும்.

இலங்கையில் 2009ஆம் ஆண்டுப் போர் முடிவின்பின், ஏறத்தாழ 12,000 முன்னாட் போராளிகள் அரசின் புனர்வாழ்வு நிலையங்களில் இருந்து வெளிவந்தனர். அவர்களுட் சிறுவர் சிலர் இரத்மலானை இந்துக் கல்லூரியிலே கல்வியைத் தொடர்ந்தமை கல்வியாளர் அறிந்ததே. 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ் நெடுங்காலம் அடைபட்டிருந்தோர் வேறு. நிலையங்களில் தையலும் தச்சும் கற்பிக்கப்பட்டன. ஊர் திரும்பியவனுடன் யார் அமர்ந்து பேசுவது என்ற வினாவுக்கு அவை விடையாகா. யாழ்ப்பாணத்துச் சாந்திகம் போன்ற நிறுவனங்கள் உளவளத்துணையாளரைப் பயிற்றுவித்துள்ளன. தமிழ் அரசியற் கைதிகளுக்காகக் குரல்கொடுத்த ‘குரலற்றவர்களின் குரல்’ அமைப்பை ஒருங்கிணைத்தவரும் சிறை மீண்டவரே. இவ்விரண்டு ஆற்றல்களும் ஒன்றுசேருமிடமே பேசப்படும் துணையாளர் பணி.

அப்பணி எத்துணை நுண்ணியது என்பதை முசலிப் பிரிவின் முள்ளிக்குளத்தைக் கொண்டு உணரலாம். 2007இல் அவ்வூர் மக்கள் வெளியேற்றப்பட்டனர். ஊர் கடற்படைத் தளமாயிற்று. மக்களுட் பலர் அண்டையிலுள்ள மலங்காட்டில் குடிசையமைத்தனர். 2017இல் 38 நாட்கள் தொடர்ந்து போராடியபின், ஏப்ரல் 29ஆம் நாள் 100 ஏக்கர் நிலம் விடுவிக்கப்படுமென அறிவிக்கப்பட்டது. இத்தகைய ஊரைச் சேர்ந்த ஒருவன் ஆண்டுகள் பல கழிந்து சிறையினின்று மீள்வானாயின், திரும்புதற்கு அவனுக்கு உரிய வீடு எது? அவன் சிறைப்பட்டபோது ஊரும் ஒருவகையிற் சிறைப்பட்டது. கரைவலை தனியொருவன் இழுக்கும் வலையன்று. சம்மாட்டி இடங்கொடுத்து, உடனிழுப்போர் தோள்கொடுத்தாலன்றித் தொழிலில்லை. ஆகவே அங்கே துணையாளர், மனத்தளர்ச்சியைப் பற்றி மட்டுமன்றி, வாடிக்குச் சென்று சம்மாட்டியோடும், முற்றத்தில் அமர்ந்து மனைவி மக்களோடும் பேசவேண்டியவராவர். தந்தை என அறியாது ஒதுங்கி நிற்கும் பிள்ளையோடு எவ்வாறு பழகுவதென்பதை, அவ்வாறு ஒதுங்கிய பிள்ளைக்குத் தந்தையானவரே சொல்லத் தகுந்தவர்.

இடர்களும் உள. விடுதலையானோர் மீண்டும் மீண்டும் புலனாய்வாளரின் விசாரணைக்கு உட்படுத்தப்படுவதாக முறைப்பாடுகள் எழுந்துள்ளன. அந்நிலையில் சிறை மீண்ட இருவர் ஒரு திண்ணையில் அமர்ந்து தாழ்ந்த குரலிற் பேசுவதே ஐயத்துக்கு இடமாகலாம். துணையாளர் குறிப்பேடு எழுதினால் அது எவர் கைக்குச் செல்லும் என்ற அச்சம் பேசுவோனின் வாயை அடைக்கும். பெயரெழுதாக் குறிப்பும், வைத்தியசாலையின் உளநலப் பிரிவோடு வெளிப்படையான தொடர்பும் இதற்கு ஓரளவு காப்பாகும். ஊதியம் மற்றொரு சிக்கல். தொண்டு என்னும் பெயரால் வறியவனிடமே இலவச உழைப்பைப் பெறுதல் முறையன்று. வேலை கொடுக்க முற்படுவோர் நற்சான்றிதழ் கேட்பர். இப்பணிக்கோ சிறைவாசமே தகுதி. ஒரே ஏடு ஒரு மேசையிற் குற்றமாகவும் மறுமேசையிற் பட்டமாகவும் படிக்கப்படுமாறு விதிகளைத் திருத்தும் பொறுப்பு, பயிற்சியளிப்போரிடமன்று, அரசாங்க நிருவாகத்தாரிடமே உள்ளது.