பீர் நொதிக்கும் சூட்டை எப்படி அளக்கிறார்கள்? கள்ளக்குறிச்சியில் எந்தத் தெர்மாமீட்டரும் காட்டியிருக்காத விஷம்

கல்வராயன் மலையில் மதுவிலக்கு போலீஸ் ரெய்டு நடந்தால், மறுநாள் செய்தியில் ஒரு வரி கட்டாயம் இருக்கும்: ‘இத்தனை லிட்டர் சாராய ஊறல் அழிப்பு.’ கூடவே ஒரு போட்டோ. புதருக்குள் மறைத்து வைத்திருந்த பிளாஸ்டிக் பேரல் கவிழ்ந்து கிடக்கும், கலங்கலான திரவம் மண்ணில் ஓடும்.

வெல்லமும் மரப்பட்டையும் தண்ணீரில் நாள்கணக்கில் கிடந்து நொதித்தால் அது ஊறல். அதைக் காய்ச்சி வடித்தால் சாராயம். முளைகட்டிய பார்லியை ஊறவைத்து எடுத்த இனிப்புச் சாற்றில் ஈஸ்டைச் சேர்த்து, நொதித்ததை வடிக்காமல் அப்படியே குடித்தால் பீர். அடிப்படையில் இரண்டிலும் நடப்பது ஒரே வேலைதான். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலையும் கார்பன் டை ஆக்சைடையும் வெளியே விடுகிறது.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இப்படி நடக்கும்போதெல்லாம் டீக்கடையிலும் வாட்ஸ்அப்பிலும் ஒரு பேச்சு வரும். “ஊறல் சரியா நொதிக்கல, அதான் விஷமாயிடுச்சு.” அதற்குப் பதிலாக இன்னொன்று: “வீட்டிலேயே சுத்தமா, டெம்பரேச்சர் பார்த்துப் பண்ணினா ஒண்ணும் ஆகாது.” முதலாவது தப்பு. இரண்டாவதில் பாதி மட்டும்தான் சரி.

முதலில் சட்டம். தமிழ்நாட்டில் உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது 1937-ம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். சொந்த உபயோகத்துக்கு, ஒரே ஒரு வாளி பீர் என்றாலும் அப்படித்தான். 2020 ஊரடங்கில் டாஸ்மாக் மூடியிருந்தபோது யூடியூப் பார்த்துக் குக்கரில் சாராயம் காய்ச்சிக் கைதானவர்கள் பற்றிய செய்திகள் நினைவிருக்கலாம். பிரிட்டனில் 1963-லிருந்தே வீட்டில் பீர் தயாரிக்க லைசென்ஸ் வேண்டாம். அமெரிக்காவில் 1978-ல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் இதற்கு வழிவிட்டது. லண்டனிலோ நியூ ஜெர்சியிலோ இருக்கும் தமிழ் நண்பரின் வீட்டு கராஜில் நீங்கள் பார்த்திருக்கக்கூடிய அந்த வாளி அங்கே சட்டப்படி சரி. இங்கே இல்லை.

சூடு ஏன் முக்கியம்?

இட்லி மாவு அரைக்கும் வீட்டில் இதை விளக்கவே வேண்டாம். மார்கழியில் விடிந்தும் மாவு பொங்காது. சித்திரையில் பாத்திரத்தைத் தாண்டி மேடையில் வழியும்.

பீரில் கணக்கு இன்னும் கறார். ஏல் வகைக்கு 18 முதல் 22 டிகிரி செல்சியஸ். லாகர் என்றால் 8 முதல் 13 டிகிரி. சூடு ஏறினால் ஈஸ்ட் அவசரப்பட்டு வேலை செய்யும். ஃபியூசல் எனப்படும் கனமான ஆல்கஹால்கள் கூடும், பெயிண்ட் தின்னர் மாதிரி காரமான நெடி வரும். 40 டிகிரியைத் தாண்டினால் பெரும்பாலான ஈஸ்ட் செத்துவிடும். மே மாதக் கள்ளக்குறிச்சி வெயிலில் வெளியே வைத்த வாளியின் கதி என்ன என்று சொல்லத் தேவையில்லை.

குளிர்ந்தாலும் சிக்கல். ஈஸ்ட் பாதியில் அடங்கிப் போகும். ‘முடிஞ்சிடுச்சு’ என்று நினைத்துப் பாட்டிலில் அடைத்து மூடினால், அறை சூடானதும் மிச்சச் சர்க்கரையில் மறுபடி வேலையைத் தொடங்கும். உள்ளே வாயு சேர்ந்து பாட்டில் வெடிக்கும். பீர் தயாரிப்பில் கண்ணாடிச் சில்லு பட்டுக் காயமாகும் கதைகளில் பல இப்படித்தான் தொடங்குகின்றன.

அறைச் சூடு வேற, பீரின் சூடு வேற

புதியவர்கள் செய்யும் பெரிய தப்பு, சுவரில் மாட்டிய தெர்மாமீட்டரை நம்புவது. நொதித்தலே சூட்டைக் கிளப்பும் வேலை. ஈஸ்ட் மும்முரமாக இருக்கும் நாள்களில் வாளிக்குள் இருப்பது அறையைவிட 2 முதல் 5 டிகிரி வரை கூடுதலாக இருக்கும். ஏசி 22 காட்டும், உள்ளே 26 ஓடும்.

அதனால்தான் பெங்களூருவின் மைக்ரோப்ரூவரிகளில் ஸ்டீல் டேங்கின் உடம்புக்குள் ஒரு முனை மூடிய குழாய் செருகியிருக்கும். சென்சார் அதற்குள் உட்காரும், பீரைத் தொடாது. தொடாததால் கிருமி சேர வழியில்லை. நடுப்பகுதியின் உண்மையான சூடும் கிடைக்கும். அந்த வசதி இல்லாதவர்கள் சென்சாரை வாளியின் வெளிச்சுவரில் ஒட்டி, மேலே தெர்மோகோல் துண்டோ ஃபோமோ வைத்துக் கட்டுகிறார்கள். மூடாமல் விட்டால் அது அளப்பது பாதி பீரை, பாதி காற்றை.

கொரோனா காலத்தில் வாசலில் நெற்றிக்கு நீட்டிய இன்ஃப்ராரெட் ‘கன்’ இதற்கு உதவாது. அது மேற்பரப்பை மட்டுமே படிக்கும். பளபளக்கும் ஸ்டீலில் அதுவும் தப்பாகவே காட்டும். பழைய பாதரசத் தெர்மாமீட்டரைத் திரவத்துக்குள் விடவே கூடாது. உடைந்தால் மொத்தத்தையும் கொட்ட வேண்டியதுதான், பாதரசம் விஷம்.

கருவி சரியா என்று பார்க்க ஐஸ் போதும். நொறுக்கிய ஐஸில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, கலக்கி, சில நிமிடம் சென்சாரை வைத்தால் 0 டிகிரி காட்ட வேண்டும். ஒரு டிகிரி கூடக் காட்டினால், எப்போதும் ஒன்றைக் கழித்துக்கொள்ளலாம். கொதிக்கும் தண்ணீரை வைத்து 100 டிகிரி பார்ப்பது சென்னையில் சரி, மலையில் தப்பு. ஏறக்குறைய 300 மீட்டர் உயரத்துக்கு ஒரு டிகிரி வீதம் கொதிநிலை இறங்கும். 900 மீட்டர் உயரத்தில் உள்ள ஊரில் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். தெர்மாமீட்டரைக் குறை சொல்லிப் பயனில்லை.

அப்போ கருணாபுரத்தில் நடந்தது?

அங்கே பிரச்சினை சூடு இல்லை, மெத்தனால். தடய அறிவியல் பரிசோதனையில் அது உறுதியானது. ஒரு வருடம் முன்பு, 2023 மே மாதம், மரக்காணத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் 20-க்கும் மேற்பட்டோரைக் கொன்றதும் இதே மெத்தனால்தான்.

தொழிற்சாலைகளுக்கான கரைப்பான் இது. பார்க்கவும் முகரவும் எத்தனால் மாதிரியே இருக்கும். நொதித்தலிலும் கொஞ்சம் மெத்தனால் உண்டாகும் என்பது உண்மை. பழத்தோலில் இருக்கும் பெக்டின் அதற்குக் காரணம். ஆனால் பார்லியிலோ வெல்லத்திலோ உண்டாவது மிகச் சொற்பம். எவ்வளவு மோசமாக நொதித்தாலும் ஒரு தெருவையே சாய்க்கும் அளவு வராது. அந்த அளவு இருந்தால், யாரோ ஊற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

இன்னொரு நம்பிக்கையும் உண்டு. மெத்தனால் 64.7 டிகிரியிலும் எத்தனால் 78.4 டிகிரியிலும் கொதிக்கும். அதனால் வடிக்கும்போது தெர்மாமீட்டரைப் பார்த்து முதலில் வருவதைக் கொட்டிவிட்டால் போதும் என்பார்கள். அந்த எண்கள் தனித்தனித் திரவங்களுக்கு. எத்தனாலும் தண்ணீரும் கலந்த இடத்தில் மெத்தனால் வரிசையில் நின்று முதலில் வெளியேறாது. தொடக்கம் முதல் கடைசி வரை கொஞ்சம் கொஞ்சமாக வந்துகொண்டே இருக்கும். வடித்த பிறகு பாக்கெட்டில் கலந்தால் கேட்கவே வேண்டாம். அதைக் கண்டுபிடிக்க ஆய்வகம்தான் வேண்டும். பற்றவைத்துச் சுடரின் நிறம் பார்ப்பதும் நம்பத்தக்கதல்ல.

கருணாபுரத்துக்குப் பிறகு, ஜூன் மாதக் கடைசியிலேயே சட்டமன்றம் மதுவிலக்குச் சட்டத்தைத் திருத்தியது. கள்ளச்சாராயத்தால் உயிர் போனால் தண்டனை இப்போது ஆயுள் வரை. வழக்கை நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சிபிஐக்கு மாற்றியது.

தாமதம்தான் ஆபத்து

மெத்தனால் குடித்த உடனே கொல்வதில்லை. கல்லீரல் அதை உடைத்து ஃபார்மிக் அமிலமாக மாற்றும்போதுதான் கண் நரம்பும் மூளையும் அடிபடுகின்றன. அதற்கு 12 மணி நேரம், சில சமயம் ஒரு நாள்கூட ஆகும். கூடவே சாதாரண மதுவும் குடித்திருந்தால் இன்னும் தள்ளிப்போகும். அதுவரை வெறும் போதை மாதிரியே தெரியும். பிறகு வாந்தி, வயிற்று வலி, மூச்சு வாங்குவது, பார்வை மங்குவது. ‘ஹேங்ஓவர், தூங்கினா சரியாயிடும்’ என்று படுக்க வைப்பது இங்கேதான் உயிரைப் பறிக்கிறது.

மருத்துவமனையில் இதற்கு முறிவு மருந்து இருக்கிறது. ஃபோமெபிசோல், கல்லீரல் மெத்தனாலை உடைப்பதைத் தடுக்கும். டயாலிசிஸ் மிச்சத்தை ரத்தத்திலிருந்து வெளியேற்றும். சீக்கிரம் போனால் கண்ணும் உயிரும் மிஞ்ச வாய்ப்பு அதிகம். 108-க்கு அழைக்கும்போதும் டாக்டரிடமும் குடித்ததை மறைக்காமல் சொல்ல வேண்டும், பாக்கெட்டோ பாட்டிலோ மிச்சம் இருந்தால் கையோடு எடுத்துப் போக வேண்டும். அதே பாக்கெட்டில் பங்கு போட்டவர்கள் தெம்பாக நடமாடினாலும், அவர்களையும் அதே ஆம்புலன்ஸில் ஏற்றிவிட வேண்டும்.