உணவுண்ணல் கோளாறு உள்ள இளையோருக்கு உணவு வேளைத் துணை

உணவுண்ணல் கோளாறு உள்ள இளையோருக்கு உணவு வேளைத் துணை என்பது, உண்ண அஞ்சும் அல்லது உண்டதை வெளியேற்ற முயலும் சிறுவர், இளைஞர்களுடன் வீட்டார் உடனமர்ந்து, தேவையான அளவு உண்டு முடிக்க உதவும் முறை ஆகும். இது மருத்துவத்துக்கு மாற்று அன்று. அதன் ஒரு பகுதியாகும். மருத்துவரைக் காண்பது எப்போதோ ஒரு நாள். சாப்பாடோ நாளுக்கு ஐந்தாறு வேளை. எனவே நோயைப் பெரும்பாலும் எதிர்கொள்வது வீட்டுச் சமையலறையே. இக்கட்டுரை மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு பகுதிக் குடும்பங்களின் வழக்கங்களை எடுத்துக்காட்டாகக் கொள்கிறது.

நோயும் பெயரும்

அனொரெக்சியா நெர்வோசா என்ற பெயரை 1873-இல் இலண்டன் மருத்துவர் வில்லியம் கல் வழங்கினார். தமிழில் இதனைப் பசியின்மை நோய் என்பதுண்டு. இப்பெயர் பொருத்தமானதன்று. பெரும்பாலோருக்குப் பசி அற்றுப்போவதில்லை. பசியை மீறிய அச்சமே நோய். மிகுதியாக உண்டு பின் வாந்தி எடுத்தல் முதலியவற்றால் வெளியேற்றும் புலிமியா நெர்வோசாவை 1979-இல் ஜெரால்டு ரசல் விவரித்தார்.

பிள்ளையின் "பிடிவாதம்" எனப் பெற்றோர் கருதுவதில் பெரும்பகுதி பட்டினியின் விளைவாகும். அமெரிக்காவின் மின்னசோட்டாவில் 1944-45-இல் ஆன்செல் கீஸ் நடத்திய ஆய்வில், உடல்நலமும் மனநலமும் கொண்ட 36 ஆண்கள் தாமாக முன்வந்து அரைப்பட்டினி இருந்தனர். அவர்களும் உணவைப் பற்றியே எண்ணினர், தட்டை வைத்துக்கொண்டு நெடுநேரம் அமர்ந்திருந்தனர், எரிச்சலும் சோர்வும் உற்றனர். உடல் தேறாமல் அறிவுரையால் மட்டும் மனம் மாறாது என்பதற்கு இது சான்று.

தமிழ்நாட்டில்

இது மேலைநாட்டாரின் நோய் என்ற எண்ணம் இங்கு பரவலாக உள்ளது. ஆயினும் டி. என். சீனிவாசன், டி. ஆர். சுரேஷ், வசந்தா ஜெயராம் ஆகியோர் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், 210 மருத்துவ மாணவர்களுள் ஏறத்தாழ 15 விழுக்காட்டினரிடம் முழு நோயாக வளராத உணவுத் துயர்நிலை காணப்பட்டது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் 2007 ஆய்வில், அங்கு சிகிச்சைக்கு வந்த உணவுண்ணல் கோளாறு உள்ள சிறாருள் பெரும்பாலோருக்கு இருந்தது உளக்காரண வாந்தி, அனொரெக்சியா சிறுபான்மையே. எனவே மெலிதல் ஒன்றையே அடையாளமாகக் கொள்வது தவறு.

விரதம் இந்நோயை மறைக்கக்கூடியது. ஏகாதசி, சஷ்டி என்று நாட்கள் கூடிக்கொண்டே போனால் பக்தி எனப் பாராட்டுமுன் தட்டைக் கவனிக்க வேண்டும். சிறுவரும் நோயாளிகளும் விரதத்திலிருந்து விலக்குப் பெறுவது மரபே.

உணவு வேளையில்

1980-களில் இலண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் உருவான குடும்பவழிச் சிகிச்சை, பெற்றோரைக் குற்றவாளிகளாகக் காணாமல் சிகிச்சையின் கருவியாகக் கொள்கிறது. முதற்கட்டத்தில் என்ன, எவ்வளவு, எப்போது என்பதைப் பெற்றோரே முடிவு செய்வர். உடல் தேறியபின் அப்பொறுப்பு படிப்படியாகப் பிள்ளையிடம் திரும்பும்.

இம்முறை நமக்கு அன்னியமானதன்று. பாத்திரத்தில் சாதம் பிசைந்து, சுற்றி அமர்ந்த பிள்ளைகளின் கையில் உருட்டிப் போடும் பாட்டியின் வழக்கத்தில், எவ்வளவு என்ற கேள்வியே எழுவதில்லை. நோயுற்ற பிள்ளைக்கு ஒவ்வொரு கவளமும் குற்ற உணர்வைத் தரும் ஒரு முடிவு. அம்முடிவைப் பெரியவர் ஏற்றுக்கொள்வதே பெரிய உதவி.

தட்டில் பெற்றோரே பரிமாற வேண்டும். நெய் வேண்டாம், தோசைக்கு எண்ணெய் வேண்டாம், இரசத்தோடு போதும், மோர் சாதம் வேண்டாம் என்று பேரம் தொடங்கும். பேரத்தில் இறங்கினால் நோயே வெல்லும். சத்துக் கணக்கைப் பற்றிய வாதத்தில் பிள்ளை பெற்றோரைவிடத் தேர்ந்திருக்கும். அதற்காக நெய்யை மறைத்து ஊற்றவும் கூடாது. தெரிந்தால் அடுத்த வேளை நம்பிக்கை போய்விடும். "கஷ்டமா இருக்குன்னு தெரியறது. நான் இங்கேயே இருக்கேன், அடுத்த வாய் எடுத்துக்கோ" என்பது போன்ற சிறிய, திரும்பத் திரும்பச் சொல்லும் சொற்களே பயன் தருகின்றன. கெஞ்சல், மிரட்டல், "அம்மாவுக்காக ஒரு வாய்" ஆகியவை அச்சத்தோடு குற்ற உணர்வையும் சேர்க்கும். மேசையில் பேச்சு உணவைப் பற்றியதாக இராமல் கிரிக்கெட், பள்ளிக்கதை என்று இருக்கலாம்.

உண்டபின் ஒரு மணி நேரம் அளவு உடனிருப்பது வழக்கம். உடனே நீண்ட குளியல், எலியட்ஸ் கடற்கரையில் விரைநடை என்று எழுந்தால் தடுத்து, தாயமோ கேரமோ ஆடலாம். பள்ளிக்குக் கொடுத்த மதிய உணவு தோழியர்க்குப் போய்விடுவதால், தொடக்கத்தில் சிலர் மதியம் பள்ளிக்கே சென்று உடனமர்கின்றனர்.

உறவினர் சொல்

நம் ஊரில் உடலைப் பற்றிப் பேசுவது நலம் விசாரிப்பின் ஒரு பகுதி. "இளைச்சுட்டியே" என்பது நோய்க்குப் பரிசாகவும், தேறி வருகையில் "நன்னா பூசினாப்ல ஆயிட்டே" என்ற மனமார்ந்த பாராட்டு "குண்டாகிவிட்டாய்" என்றும் கேட்கிறது. வீட்டுக்கு வருவோரிடம் முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லிவைப்பது நல்லது. கல்யாணப் பந்தியில் இலையை நிரப்பிக்கொண்டே போகும் பரிமாறுபவருக்கு இது தெரியாது. அங்கு தாய் பக்கத்து இலையில் அமர்வதே வழி.

மருத்துவ உதவி

மயக்கம், மிகக் குறைந்த நாடித்துடிப்பு, உடல் குளிர்தல், இரத்த வாந்தி, தற்கொலைப் பேச்சு ஆகியவை தோன்றினால் வீட்டு முயற்சியைத் தொடராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மிக மெலிந்தவர்க்குத் திடீரென நிறைய உணவு கொடுப்பதும் ஆபத்தானது: இரத்தத்தில் பாசுபேட்டு சரிந்து இதயம் பாதிக்கப்படலாம். ஆகவே அந்நிலையில் தொடக்க உணவளிப்பு மருத்துவமனையில், இரத்தப் பரிசோதனையுடன் நடைபெறும். கீழ்ப்பாக்கம் மனநல நிறுவனமும் எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனையும் சென்னையின் அரசு மருத்துவ நிலையங்களாகும். 2022-இல் தொடங்கிய நடுவண் அரசின் டெலி மானஸ் மனநலத் தொலைபேசிச் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே அழைக்கலாம். பிள்ளை பேச மறுத்தாலும் பெற்றோர் பேசலாம்.