கேரவனின் உட்புறம்: சட்டத்தின் கண்ணில் படாத திருகாணிகள்

புது தில்லி: சுற்றுலா, படப்பிடிப்பு, தேர்தல் பிரசாரம் ஆகியவற்றுக்குப் பயன்படும் கேரவன் வாகனங்கள் பத்து, பதினைந்து ஆண்டுகள் ஓடிய பிறகு, அவற்றின் உட்புறத்தைப் புதுப்பிக்க உரிமையாளர்கள் விரும்புவது இயல்பு. குரோமியப் பூச்சு உரிந்த கைப்பிடிகள், களிம்பேறிய பித்தளைக் குழாய்கள், தளர்ந்த கீல்கள், ஹாலஜன் விளக்குகள் ஆகியவை கழற்றப்பட்டு, எவர்சில்வர் பொருத்துகளும் எல்.இ.டி. விளக்குகளும் இடம்பெறுகின்றன. இதற்கு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் அனுமதி தேவையா?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு இதற்கு நேரடியான விடை தரவில்லை. பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள், உற்பத்தியாளர் முதலில் குறிப்பிட்டவற்றிலிருந்து மாறுபடும் வகையில் வாகனத்தை மாற்றக் கூடாது என்பது 2000-ம் ஆண்டில் கொண்டுவரப்பட்ட திருத்தத்தின் சாரம். வாகனத்தின் அடிப்படைத் தன்மையை மாற்றும் கட்டமைப்பு மாற்றமே 'மாற்றம்' எனப்படும் என்று அதே பிரிவின் விளக்கம் கூறுகிறது. கேரளத்தில் எழுந்த வழக்கொன்றில் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், உயர் நீதிமன்றத்தின் தளர்வான பொருள்கோளை ஏற்காமல், இந்தத் தடையை உறுதி செய்தது.

அதே ஆண்டு ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய திருத்தச் சட்டம் 182ஏ பிரிவை மாற்றியமைத்தது. அனுமதிக்கப்படாத முறையில் வாகனத்தை மாற்றும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5,000 அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். உதிரி பாகங்களைப் பின்னர் பொருத்துவதும் இதில் அடங்கும்.

ஆக, கைப்பிடியை மாற்றுவது குற்றமன்று. ஆனால், பழைய பிளாஸ்டிக் தொட்டிக்குப் பதிலாக எவர்சில்வர் தொட்டி, பிளைவுட் மேடைக்குப் பதிலாகக் கருங்கல் மேடை, கூடுதலாக ஒரு படுக்கை என்று நீண்டால், சான்றிதழில் உள்ள வெற்று எடையும் இருக்கை எண்ணிக்கையும் பொய்யாகிவிடும். எந்தத் திருகில் எல்லை தாண்டப்படுகிறது என்பதை உரிமையாளரே முடிவு செய்துகொள்ள வேண்டிய நிலை.

எடையைவிடக் கவலைக்குரியது மின்சாரம். வீட்டு மின்சுற்றைப் போலன்றி, வாகனத்தில் உலோக உடலே மின்னோட்டம் திரும்பும் வழியாக இருக்கிறது. உலோக விளக்கைப் பொருத்தும்போது திருகாணி ஒயரின் மேலுறையைக் கிழித்து வாகன உடலைத் தொட்டுவிட்டால், அங்கேயே மின்கசிவு. சரியான அளவு ஃபியூஸ் இருந்தால் அது எரிந்து துண்டித்துவிடும். இல்லாவிட்டால் ஒயர் சூடாகி, அதை ஒட்டியுள்ள நுரைப் பஞ்சும் திரைச்சீலையும் பற்றிக்கொள்ளும். பொருத்திய அன்று பழுதில்லாமல் இருந்த திருகும், ஓட்டத்தின் அதிர்வில் சில மாதங்களில் தளர்ந்து ஒயரை உராயக்கூடும். அடுப்புக்கு எரிவாயு செல்லும் குழாயின் இணைப்புக்கும் இது பொருந்தும்.

இவ்வளவுக்கும் எல்.இ.டி. விளக்கு தன்னளவில் நல்ல மாற்றமே. 12 வோல்ட் மின்சுற்றில் 20 வாட் ஹாலஜன் விளக்கு ஏறத்தாழ 1.7 ஆம்பியர் மின்னோட்டத்தை எடுக்கும். 3 வாட் எல்.இ.டி.க்கு 0.25 ஆம்பியர் போதும். வெப்பமும் குறைவு. கோளாறு பொருளில் இல்லை, அதைப் பொருத்தும் முறையில்.

ராஜஸ்தானின் ஜெய்சல்மேர் அருகே 2025 அக்டோபர் 14-ம் தேதி தனியார் பேருந்து தீப்பிடித்து 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். சாதாரணப் பேருந்தாக இருந்தது பின்னர் குளிர்சாதன வசதி கொண்டதாக மாற்றப்பட்டது என்ற தகவலும், மின்கசிவு குறித்த சந்தேகமும் அப்போது எழுந்தன. கதவு திறக்காததால் பலரால் வெளியேற முடியவில்லை. கேரவனில் பயணிகள் குறைவு. ஆனால் படுக்கையும் அடுப்பும் மின்கலமும் ஒரே அறையில் இருக்கின்றன.

மோட்டார் கேரவன்களுக்கு ஏ.ஐ.எஸ்.-124 என்ற தனித் தர விதி உண்டு. அது புதிதாகத் தயாராகும் வாகனத்துக்கு ஒப்புதல் வழங்குவதற்கானது. பின்னாளில் ஒரு பட்டறையில் நடக்கும் புதுப்பிப்பை அது தொடர்ந்து செல்வதில்லை. கேரளமும் மகாராஷ்டிரமும் 2021-ல் கேரவன் சுற்றுலாக் கொள்கைகளைக் கொண்டுவந்தன. அந்த வாகனங்களும் விரைவில் பழையனவாகும். மாற்றங்களுக்கான நிபந்தனைகளை வகுக்கும் அதிகாரத்தை 2019 திருத்தம் மத்திய அரசுக்கு அளித்திருக்கிறது. உள்பொருத்துகளுக்கும் மின்சுற்றுக்கும் எளிய விதியொன்றை வகுத்து, புதுப்பிப்புக்குப் பின் ஒரு முறை சோதனை நடத்த அந்த அதிகாரமே போதுமானது; புதிய மசோதா தேவையில்லை.

அரசியல் கட்சிகளும் இதில் அக்கறை காட்ட வேண்டும். 1982-ல் என்.டி. ராமராவ் பழைய செவர்லே வேனை 'சைதன்ய ரதம்' ஆக்கி ஆந்திரத்தைச் சுற்றி வந்தது முதல், வேனிலேயே தங்கிப் பிரசாரம் செய்வது தலைவர்களுக்குப் பழகிப்போன ஒன்று. பிரசார வாகனங்களில் செய்யப்படும் வெளிப்புற மாற்றங்கள் மோட்டார் வாகனச் சட்டத்துக்கு உட்பட்டிருக்க வேண்டும் என்று தேர்தல் ஆணையத்தின் அறிவுறுத்தல் கூறுகிறது. ஒலிபெருக்கியும் மேடையும் அதிகாரிகளின் கண்ணில் படும். தலைவர் உறங்கும் படுக்கைக்கு மேலுள்ள விளக்கின் ஒயரை எவரும் இழுத்துப் பார்ப்பதில்லை.