ஊட்டியில் ஹீட்டர் ‘மக்கர்’ பண்ணும் பழைய கார்கள்! கோளாறு மலையில் அல்ல... கோவையிலேயே!

கோவை, டிச. 10-

மார்கழி பிறக்கப் போகிறது. ஊட்டியில் உறைபனிக் காலம். குடும்பத்தோடு காரில் கிளம்புகிறவர்கள் கம்பளி, குல்லா எல்லாம் மறக்காமல் எடுத்து வைக்கிறார்கள். காரின் ஹீட்டரை மட்டும் யாரும் போட்டுப் பார்ப்பது இல்லை.

மறுநாள் காலை தொட்டபெட்டா கிளம்பும்போதுதான் சங்கதி தெரிகிறது. கால் மணி நேரம் ஓடிய பிறகும் ‘ஜில்’ என்று காற்று! “ஏனுங்க, ஹீட்டரா இது? ஏ.சி. மாதிரி அடிக்குது!” என்று வீட்டுக்காரம்மா கேட்க, கணவர் திருதிருவென விழிக்கிறார்.

மாருதி 800 தயாரிப்பு 2014-ல் நின்று போனது. ஆனாலும் அந்தக் காலத்து கார்கள் பல இன்னும் ஓடிக் கொண்டுதான் இருக்கின்றன. இவற்றில் ஹீட்டர் சூடு தராததற்கு மலையைக் குறை சொல்லிப் பயன் இல்லை. கோவையில் செய்து வைத்த வேலைதான் பெரும்பாலும் அங்கே போய்ப் பல்லிளிக்கிறது.

இலவச சூடு!

கார் ஹீட்டருக்குத் தனி அடுப்பு எதுவும் கிடையாது. என்ஜினைச் சுற்றி ஓடிச் சூடாகும் தண்ணீரில் ஒரு பங்கு, டேஷ்போர்டுக்குப் பின்னால் உள்ள குட்டி ரேடியேட்டருக்குப் போகிறது. அதன் மேல் மின்விசிறி காற்றை ஊதுகிறது. அவ்வளவுதான்! என்ஜின் தண்ணீர் சூடாகாவிட்டாலும், அந்தத் தண்ணீர் குட்டி ரேடியேட்டருக்குப் போகாவிட்டாலும் சூடு கிடையாது.

கழற்றிய வால்வு

என்ஜினில் ‘தெர்மோஸ்டாட் வால்வு’ என்று ஒன்று உண்டு. தண்ணீர் சுமார் 82 முதல் 88 டிகிரி வரை சூடான பிறகே இது திறந்து, ரேடியேட்டருக்கு வழி விடும். கோடையில் என்ஜின் கொதித்தால் சில ஒர்க்ஷாப்களில் முதலில் இதைத்தான் கழற்றுகிறார்கள். “நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்குங்க? கழட்டிப் போட்டா ஜம்முன்னு ஓடும்” என்பார்கள்.

ஓடும்தான். ஆனால் சுமார் 7,350 அடி உயரத்தில் இருக்கும் ஊட்டியில் என்ஜின் சூடே ஏறாது. மலை ஏறும்போது ஓரளவு வரும் சூடு, இறங்கும்போது ‘ஜில்’ ஆகி விடும். பெட்ரோல் செலவும், என்ஜின் தேய்மானமும் கூடுதல்.

இன்னொரு வினை, போர் தண்ணி! கூலன்ட் வாங்கும் காசை மிச்சம் பிடிக்க உப்புத் தண்ணியை ஊற்றினால், குட்டி ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் உப்புப் படிந்து அடைத்துக் கொள்ளும். குட்டி ரேடியேட்டர் ஒழுகினால் அதைச் சரி செய்யாமல், இரண்டு குழாயையும் ஒன்றோடு ஒன்று இணைத்து விடுவதும் உண்டு. பிறகு சூடு எங்கிருந்து வரும்?

நீங்களே பார்க்கலாம்

கால் மணி நேரம் காரை ஓட்டுங்கள். சூடு காட்டும் முள் கீழேயே கிடந்தால் வால்வு இல்லை, அல்லது திறந்தபடியே சிக்கி இருக்கிறது. வால்வு மாற்றுவது சின்ன வேலைதான்.

முள் சரியாக நின்றும் சூடு வரவில்லையா? ஹீட்டரை முழுதாகத் திறந்து வைத்து, என்ஜினை நிறுத்திய பின் பானெட்டைத் திறங்கள். கேபினுக்குள் போகும் இரண்டு ரப்பர் குழாய்களைத் துணி வைத்து லேசாகத் தொட்டுப் பாருங்கள்.

இரண்டும் சூடு என்றால், கோளாறு காற்று வரும் வழியில். கேபிள் கழன்றிருக்கும், மின்விசிறி சோர்ந்திருக்கும், குப்பை அடைத்திருக்கும்.

ஒன்று சூடு, மற்றது ஜில் என்றால் குட்டி ரேடியேட்டரில் அடைப்பு.

இரண்டும் ஜில் என்றால் ஹீட்டர் வால்வு திறக்கவில்லை, அல்லது தண்ணீர் குறைவு. ஆக்சிலேட்டரை மிதித்தால் சூடு, விட்டால் ஜில் என்றாலும் தண்ணீர் குறைவு, அல்லது உள்ளே காற்று சிக்கி இருக்கிறது.

தண்ணீர் எங்கே போகிறது?

தண்ணீர் குறைந்தால் ஊற்றி விட்டுச் சும்மா இருக்கக் கூடாது. முன் சீட்டில் கால் வைக்கும் இடத்தில் ஈரம், இனிப்பு வாடை, கண்ணாடியில் எண்ணெய்ப் பிசுக்கு போல் படலம் - இவை இருந்தால் குட்டி ரேடியேட்டர் ஒழுகுகிறது. கவனிக்காமல் மலை ஏறினால் ஹெட் கேஸ்கட் போகும். என்ஜினே ‘சீஸ்’ ஆகலாம்!

சூடான என்ஜினில் ரேடியேட்டர் மூடியை ஒருபோதும் திறக்காதீர்கள். கொதிநீர் முகத்தில் பீறிட்டு அடிக்கும். கூலன்ட் விஷம். குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

உயிர் விஷயம்!

ஹீட்டர் வெறும் சுகத்துக்கு மட்டும் அல்ல. மூடுபனியில் முன் கண்ணாடி மங்கும்போது அதைத் தெளிய வைப்பதும் அதுதான். கொண்டை ஊசி வளைவில் எதிரே வரும் பஸ் தெரியாவிட்டால் என்ன கதி? ஏ.சி. இருந்தால் அதையும் ஹீட்டரோடு சேர்த்துப் போட்டால் கண்ணாடி சீக்கிரம் தெளியும்.

ஹீட்டர் சூடு போதவில்லையே என்று கண்ணாடிகளை ஏற்றி விட்டு, என்ஜினை ஓட விட்டபடி காருக்குள் தூங்குவது பெரும் ஆபத்து. புகைக்குழாயில் ஓட்டை இருந்தால் கார்பன் மோனாக்சைடு வாயு உள்ளே வரும். நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. தூக்கத்திலேயே ஆளை முடித்து விடும்.

மலைக்குக் கிளம்பும் முன்பு, இங்கேயே ஒரு தடவை ஹீட்டரைப் போட்டுப் பாருங்கள். கோவையில் வியர்த்தால்தான் ஊட்டியில் நடுங்காமல் இருக்கலாம்!