இந்தப் பாறைகளை உருட்டியது யார்?

ராஜபாளையத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில் இருக்கிறது நீர் காத்த அய்யனார் கோவில். ஓடையை ஒட்டியே நடந்தால் கோவில். அதற்கு மேலே சிற்றருவி. பாட்டிகளும் பிள்ளைகளும் போய்வரும் சுலபமான நடைதான். மழைக்காலம் கழிந்த நாட்களில் ஓடைத் தண்ணீர் கணுக்காலைத் தாண்டாது.

ஆனால் ஓடை முழுக்கப் பாறைகள். சில, ஆள் உயரத்துக்கு நிற்கின்றன. கூழாங்கல்லைக்கூட அசைக்க முடியாத இந்தத் தண்ணீரா இவற்றைக் கொண்டு வந்து போட்டது?

எல்லாவற்றையும் அல்ல. முனை மழுங்காதவை பக்கத்துச் சரிவிலிருந்து விழுந்திருக்கலாம். உருண்டையானவை அனைத்தையும் ஓடையின் கணக்கில் எழுதிவிடவும் முடியாது. வெயிலும் மழையும் பாறையை இருந்த இடத்திலேயே வெங்காயத் தோல்போல உரித்து உருண்டையாக்கிவிடும். வெள்ளத்தின் வேலையைக் காட்டிக்கொடுப்பது கற்கள் கிடக்கும் ஒழுங்கு. தட்டைக் கற்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, மேல்முனை நீரோடும் திசைக்குச் சாய்ந்து கிடந்தால், அவற்றை அடுக்கியது வேகமான நீர்தான். தலைக்கு மேலே மரக்கிளையில் சிக்கிக் காய்ந்திருக்கும் சருகும் சுள்ளியும் இன்னும் நேரடியான சாட்சி. தண்ணீர் அந்த உயரம் வரை வந்திருக்கிறது.

பாறையைத் தண்ணீர் எப்படி நகர்த்துகிறது? முதலில், மூழ்கிய பாறை தன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இழந்துவிடுகிறது. அடுத்தது வேகம். 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் வில்லியம் ஹாப்கின்ஸ் (மேக்ஸ்வெல்லுக்குக் கணிதம் சொல்லிக்கொடுத்தவர்) இதற்குக் கணக்குப் போட்டார். நீரின் வேகம் இரண்டு மடங்கானால், அது நகர்த்தக்கூடிய கல்லின் எடை 64 மடங்காகும். மூன்று மடங்கானால் 729. நிஜ ஓடையில் கணக்கு இவ்வளவு சுத்தமாக இருக்காது என்றாலும், போக்கு இதுதான். ஆண்டு முழுவதும் சிணுங்கிக்கொண்டிருக்கும் ஓடை, தன் பெரிய வேலைகளைச் சில மணி நேரங்களில் முடித்துவிடுகிறது.

அந்த வேகத்துக்கு நாள்கணக்கில் மழை வேண்டியதில்லை. ஒரு சதுர கிலோமீட்டரில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் ஒரு கோடி லிட்டர். காட்டு மண் அதில் பெரும்பங்கைக் குடித்துவிட்டு, பிறகு பல நாள் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிடும். மழை விட்ட பிறகும் ஓடை தெளிவாக ஓடுவது அதனால்தான். மண் ஏற்கெனவே நனைந்திருந்தாலோ, மழை மொட்டைப் பாறையில் விழுந்தாலோ, செங்குத்தான சரிவில் நீர் நேரே ஓடைக்கு இறங்கும். தூரமும் குறைவு. அடிவாரத்துக்கு வெள்ளம் வந்துசேர அதிக நேரம் பிடிக்காது.

இது மழை மறைவுப் பகுதி. தென்மேற்குப் பருவமழை பெரும்பாலும் கேரளப் பக்கமே கொட்டித் தீர்ந்துவிட, இங்கே ஐப்பசி, கார்த்திகைதான் மழைக்காலம். ஆனால் வெள்ளம் வரக் கோடை இடிமழையும் போதும். இதே மலைத்தொடரின் சதுரகிரியில் 2015 மே மாதம் ஓடையில் திடீர் வெள்ளம் வந்து பக்தர்கள் உயிரிழந்தார்கள். அய்யனார் கோவிலிலும் அக்கரையில் சிக்கியவர்களைத் தீயணைப்புத் துறையினர் கயிறு கட்டி மீட்டது பலமுறை செய்தியாகியிருக்கிறது.

கீழே பாறைகளை மட்டும் பார்க்காமல், ஓடைக்கரையின் உயரமான மரங்களையும் அண்ணாந்து பாருங்கள். சாம்பல் நிற மலை அணில் தரையிறங்காமல் கிளைக்குக் கிளை தாவுவது கண்ணில் படலாம். இதற்காகவே 1988இல் இங்கே சரணாலயம் அமைத்தார்கள்; 2021இல் அந்தக் காடு ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகத்தில் சேர்ந்தது.

அதற்காக அண்ணாந்தபடியே நின்றுவிடாதீர்கள். தெளிந்த நீர் கலங்கினாலோ, சருகும் சுள்ளியும் கூட்டமாக மிதந்து வந்தாலோ, அருவியின் சத்தம் மாறினாலோ, உங்கள் தலைக்கு மேல் வெயில் அடித்தாலும் மலையில் மழை பெய்கிறது என்று அர்த்தம். உடனே கரையேறுங்கள். அக்கரையில் மாட்டிக்கொண்டால் கடக்க முயலாமல் மேட்டில் அங்கேயே இருங்கள். வனத்துறை தடை விதித்திருக்கும் நாளில் போகவே வேண்டாம்.